சம்மந்தி கேட்ட ஒரே கேள்வி

விளையாட்டுக் கடதாசி கைக்கு வந்ததும் யாரும் விசிறி மாதிரி விரித்துத்தான் பிடிப்பார்கள். சிவப்பை ஒரு பக்கம், கறுப்பை ஒரு பக்கம் அடுக்குவார்கள். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மணந்து பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். என் சம்மந்தி அம்மா அப்படிச் செய்து நான் ஒருநாளும் கண்டதில்லை. தாளை வாங்குவா, ஒருதரம் பார்ப்பா, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து மடியில் கவிழ்த்து வைப்பா. பிறகு வெற்றிலைப் பையைத் திறந்து பாக்கு வெட்டத் தொடங்கிவிடுவா. தன் முறை வந்தால் மடியில் தடவி ஒன்றை உருவி மேசையில் போடுவா. குனிந்து பார்க்கமாட்டா. ஆனால் போட வேண்டிய தாள் அதுவாகத்தான் இருக்கும்.

"மச்சாள், ஒருக்கா எடுத்துப் பாருங்களேன். எனக்கு நெஞ்சு பதறுது" என்பேன்.

"ஏன் மச்சான், அதுக்குள்ள தாள் மாறிப் போயிருமா?" என்பா.

அவ மோசம் போய், கண்ணை மூடி, ஒரு மாரி கழிந்துவிட்டது. பெயரை எழுதமாட்டேன். எழுதினால் எழும்பி வந்து ஏசுவா. என் மகளின் மாமியார் என்று விளங்கிக்கொண்டால் போதும்.

என்னைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, கல்லடிப் பக்கம் வந்து ஐஸ் முதலாளி எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். ஆனாலும் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்து மீன் வாடிக்குச் சுமந்தவன். இன்றைக்கு என் ஐஸ் இல்லாமல் இந்தக் கரையில் வள்ளம் இறங்காது. பாசிக்குடா ஓட்டல்களில் வெள்ளைக்காரன் குடிக்கிற கிளாசுக்குள் கிலுங்குவதும் என் ஐஸ்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. உண்மை என்பதால் சொல்கிறேன்.

எனக்குப் பிடித்த விளையாட்டு ஒன்றே ஒன்று, முன்னூற்றி நாலு. ஏன் பிடிக்கும் என்றால், அந்த ஆட்டத்தில் ராசா ராணிக்கு மரியாதை கிடையாது. ஜாக் என்கிற வேலைக்காரன்தான் எல்லாருக்கும் மேல். அவனுக்குக் கீழே ஒன்பது, பிறகு ஆஸ், பிறகு பத்து. அதற்குப் பிறகுதான் ராசா வருவார், அவருக்குப் பின்னால் ராணி வருவா. எட்டும் ஏழும் குப்பை. வேலைக்காரன் ராசாவை அடிக்கிற ஒரு இடத்தை உலகத்தில் எனக்குக் காட்டுங்கள் பார்ப்போம்.

நாலு பேர் இருப்போம். எதிரும் புதிருமாக இருக்கிற இரண்டு பேர் ஒரு கட்சி. முதலில் ஆளுக்கு நாலு தாள் மட்டும் வரும். அந்த நாலைப் பார்த்து, இத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்கவேண்டும். அதைத்தான் கேள்வி என்கிறது. கூடக் கேட்டவன் தனக்கு விருப்பமான இனத்தில் ஒரு தாளைத் துரும்பாகக் கவிழ்த்து வைப்பான். துரும்பு இனம் மற்ற மூன்று இனத்தையும் வெட்டும்; துரும்பு விழாத சுற்றில், முதலில் இறக்கிய இனத்தில் பெரிய தாளுக்குத்தான் பிடி. அது என்ன இனம் என்று கூட்டாளிக்குக்கூடச் சொல்லக் கூடாது. பிறகுதான் மிச்சம் நாலு தாள் வரும். பாதியைப் பார்த்து முழுதுக்கும் வாக்குக் கொடுக்கிற விளையாட்டு. நான் ஐஸ் பெக்டரி தொடங்கியதும் அப்படித்தான். அதனால் நான் பயப்படாமல் கேட்பேன். உரத்தும் கேட்பேன்.

சம்மந்தி அம்மா கேட்கமாட்டா. "பாஸ்" என்பா. முதல் முறை அவவிடம் வந்தால், "மச்சான் கேக்கட்டும்" என்று என்னிடம் தள்ளிவிடுவா. வருசக் கணக்காக அவவோடு கூட்டாளியாக விளையாடினேன். ஒரே ஒரு நாளைத் தவிர, அவ வாயால் ஒரு கேள்வி வந்து நான் கேட்டதில்லை.

இந்தக் குணம் கடதாசி மேசையில் பிறந்ததல்ல. அதை எனக்கு முதலில் காட்டியது கலியாணப் பேச்சு.

அவ கொக்கட்டிச்சோலைப் பக்கம். மருத்துவமாதுவாக அரசாங்க வேலை பார்த்தவ. படுவான்கரையில் பாதிப் பேர் இந்த உலகத்தில் முதலில் கண்ட முகம் அவவுடையது. புருசன் வேளாண்மை செய்தவர், நேரத்தோடு போய்விட்டார். ஒரே மகன், நீர்ப்பாசனத்தில் வேலை. என் கடைசி மகளுக்கு அந்தப் பொடியனைக் கேட்டுப் போனோம். எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை வந்து சேருவார். அதெல்லாம் முதலிலேயே பேசி முடிக்க வேண்டிய விசயம்.

நான் தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டு, "மகளுக்கு எங்கட வீட்டோட ஒட்டி ஒரு பக்கம் கட்டிக் குடுப்பன்" என்றேன்.

அவ பாக்கு வெட்டிக்கொண்டிருந்தா. "ம்" என்றா.

அந்த 'ம்' எனக்குப் பிடிபடவில்லை. குறைந்துபோச்சோ என்று நினைத்து, "ஒட்டி எண்டு இல்ல, தனி வீடாக் கட்டலாம்" என்றேன்.

"ம்."

"மாடி வைக்கிறமாதிரித் தூண் போட்டு."

அவ வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினா. என் மனிசி என் துடையில் கிள்ளினா. நான் அதை இன்னும் ஏற்று என்கிற கிள்ளு என்று நினைத்தேன். "பக்கத்து வளவும் மகளுக்குத்தான். மறுகா, வட்டையில ஒரு துண்டு வயல் இருக்கு, அதையும் எழுதலாம்" என்றேன்.

அப்போதுதான் அவ நிமிர்ந்து பார்த்தா. "மச்சான், நான் ஒண்டும் கேக்கல்லயே" என்றா. "ஒண்டே ஒண்டு சொல்லோணும். பொடியனுக்குச் சீனி கூடக் குடுக்காதீங்க. தகப்பனுக்குச் சீனி வருத்தம் இருந்தது."

அவ்வளவுதான். எதிரில் ஆளே இல்லாத ஏலத்தில் எனக்கு மேல் நானே கேட்டுக் கேட்டு ஏறியிருக்கிறேன். வீட்டுக்கு வரும்வரை மனிசி என்னோடு பறையவில்லை. வந்து சொன்னா: "நான் கிள்ளினது வாயை மூடச் சொல்லி."

வாக்குக் கொடுத்ததை நான் மாற்றவில்லை. தனி வீடு, தூண், வளவு, வயல் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்தத் தூண்களைப் பார்க்கிறவர்கள் இது என்ன ஆஸ்பத்திரியா என்று கேட்கிறார்கள்.

பேரன் பிறந்த பிறகு அவ அடிக்கடி எங்கள் பக்கம் வந்து நிற்பா. சனிக்கிழமை பின்னேரங்களில் பெக்டரிக் கந்தோரில் எங்களுடைய கடதாசிக் கூட்டம் நடக்கும். ஓய்வு பெற்ற தபால் மாஸ்டரும் மர ஆலைக்காரரும் ஒரு கட்சி. எனக்குக் கூட்டாளியாக வருகிற ஆள் ஒருநாள் வரவில்லை. பேரனைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தவவிடம், பகிடிக்குத்தான், "மச்சாள், உங்களுக்கு இது விளங்குமா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் பாப்பம்" என்று பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு இருந்தா.

மருத்துவமாதுகளின் குவார்ட்டர்சில் பிள்ளை வரக் காத்திருந்த நேரமெல்லாம் அவ விளையாடியதே இதுதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்குத் தபால் மாஸ்டர் தோற்று எழும்பிப் போகும்போது, "முதலாளி, இவவை எங்க பிடிச்சீங்க?" என்று என் காதுக்குள் கேட்டார். "என்ட சம்மந்தி" என்றேன், நானே பெற்று வளர்த்தவன் மாதிரி.

எங்கள் பக்கத்து முன்னூற்றி நாலில் குறி காட்டாத ஆள் கிடையாது. நெஞ்சைத் தடவினால் ஆட்டின், காதைச் சொறிந்தால் கிளாவர், கிண்ணத்தில் தட்டினால் டயமன். அதைக் களவு என்று யாரும் சொல்வதில்லை. எதிர்க்கட்சியும் காட்டும், நாமும் காட்டுவோம், யார் கெட்டித்தனமாகக் காட்டுகிறான் என்பதும் ஆட்டத்தில் ஒரு பங்கு. என்னுடைய குறி இருமல். ஒரு இருமல் என்றால் கறுப்பு ஸ்கோப்பன்.

முதல் சனிக்கிழமை நான் இருமினேன். அவ பாக்கு வெட்டியை வைத்துவிட்டு, "புள்ள, அப்பாக்குக் கொத்தமல்லி அவிச்சுக் கொண்டுவா. சளி பிடிச்சிரிக்கி" என்று வீட்டுப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டா. மகள் கொண்டுவந்தாள். எல்லாருக்கும் முன்னால் குடித்தேன். அடுத்த கையிலும் இருமினேன். இரண்டாவது கோப்பை வந்தது. மர ஆலைக்காரர் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். மூன்றாவது தரம் எனக்கு உண்மையாகவே தொண்டை கரகரத்தது. இருமப் பயந்து விழுங்கிக்கொண்டிருந்தேன்.

"மச்சாள், அது இருமல் இல்ல, உங்களுக்கு ஒரு தகவல்" என்று பிறகு தனியாகச் சொன்னேன்.

"தெரியும்" என்றா. "தகவல் கேள்வியிலயே வந்திட்டே. நீங்க கேக்கக்குள்ள கதிரையை முன்னுக்கு இழுத்தீங்க எண்டா ஒரு இனத்தில நாலு தாள். இழுக்காட்டி மூண்டு. அதுக்கு மேல இருமல் எதுக்கு?"

"அப்ப எதிர்க்கட்சிக்கும் தெரிஞ்சிருக்குமே!"

"அவங்க உங்கட வாயைத்தான் பாக்கிறாங்க. கதிரையைப் பாக்கல்ல."

நான் அன்றிலிருந்து கதிரையை ஆட்டாமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. நல்ல தாள் வந்தால் கதிரை தன்பாட்டில் முன்னுக்குப் போகிறது.

தோற்றாலும் அவ ஏசமாட்டா. அதுதான் கரைச்சல். ஏசினால் நானும் திருப்பி ஏசலாம். ஆட்டம் முடிந்து எல்லாரும் தேத்தண்ணி குடிக்கும்போது, "அந்தப் பத்தை ஏன் மச்சான் முன்னுக்குப் போட்டீங்க?" என்று கேட்பா. குற்றம் பிடிக்கிற குரல் இல்லை. வயிற்றுநோ எப்ப தொடங்கியது என்று பிள்ளைத்தாய்ச்சியிடம் கேட்கிற குரல். நான் மறுமொழி தேடிக் கொண்டே வீட்டுக்குப் போவேன். சோறு தின்னும்போதும் தேடுவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் அந்தப் பத்தைப் போட்டது எவ்வளவு பெரிய மடைத்தனம் என்று எனக்கே விளங்கும். தொலைபேசியில் கூப்பிட்டு, "மச்சாள், அது பிழைதான்" என்பேன். "எது மச்சான்?" என்பா, மறந்துபோன ஆள் மாதிரி.

ஏன் ஒருதரமும் கேள்வி கேட்பதில்லை என்று ஒருநாள் நேரே கேட்டேன்.

"எல்லாரும் கேட்டு முடியட்டும் எண்டு பாத்திருக்கன். அவங்க முடிக்கக்குள்ள என்ட முறை போயிருது."

"இது ஒரு கதையா? பயமெண்டு சொல்லுங்க."

"புள்ளை அதுட நேரத்துக்குத்தான் வரும் மச்சான். வரமுந்தி இழுக்கப் போனா ரெண்டு உயிருக்கும் பாடு. எனக்கு இழுத்துப் பழக்கமில்ல."

இனி ஒரு வெற்றிக் கோப்பையின் கதைக்கு வருகிறேன்.

டவுனில் வாவிக்கரையோரம் ஒரு கிளப் இருக்கிறது. பெயர் வேண்டாம். டொக்டர்மார், சட்டத்தரணிமார், பெரிய உத்தியோகத்தர்மார் போகிற இடம். நான் தோளில் ஐஸ் சுமந்த காலத்தில் அந்தக் கிளப்புக்கும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன், குசினிப் பக்கத்துக் கடப்பு வாசலால். "ஐஸ்காரன் வந்திட்டான்" என்று உள்ளே ஒரு சத்தம் கேட்கும். அதுதான் எனக்கும் அந்தக் கிளப்புக்கும் இருந்த உறவு. ஒரு சித்திரை வருசத்துக்கு, கிளப்பில் முன்னூற்றி நாலு போட்டி, வெளி ஆட்களும் சோடியாக வரலாம் என்று அறிவித்தார்கள். அன்று பின்னேரத்துக்குள் கல்லடி முழுக்க நான் சொல்லிவிட்டேன்: கோப்பை எனக்குத்தான், அதைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கிளப்பின் முன்வாசல் படியால் இறங்கி வருவேன். ஐஸ் ஏற்ற வந்த லொறிக்காரனைக்கூட விடவில்லை.

சம்மந்தி அம்மாவிடம் சொன்னபோது அவ வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தா. "தோத்தா எந்தப் பக்கத்தால இறங்குவீங்க மச்சான்?" என்று மட்டும் கேட்டா.

தோற்பதாக நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் ஊருக்குச் சொல்லியிருப்பேனா?

ஒவ்வொரு சுற்றாக வென்று கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டோம். எதிரில் ஒரு டொக்டரும் ஒரு வங்கி மனேஜரும். கிளப்பின் பழைய வெற்றிவீரர்கள். மரியாதையான ஆட்கள், குறி காட்டாதவர்கள், எல்லாவற்றையும் மனதுக்குள் கணக்குப் போட்டு விளையாடுகிறவர்கள். ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு சிரட்டை, வென்றால் அதற்குள் புளியங்கொட்டை விழும். மணி அடித்து, இதுதான் கடைசிக் கை என்று நடுவர் சொன்னார்.

நாலு தாள் வந்தது. எடுத்துப் பார்த்தேன். ஸ்கோப்பன் ஜாக், ஸ்கோப்பன் ஒன்பது, ஸ்கோப்பன் ஆஸ், ஸ்கோப்பன் ராசா. நாலும் ஒரே இனம். கதிரை முன்னுக்குப் போனது. இருநூற்றிச் சொச்சம் என்று மண்டபம் அதிரக் கேட்டேன். டொக்டர் பாஸ், மனேஜர் பாஸ், மச்சாள் வழமைபோலப் பாஸ். ராசாவைத் துரும்பாகக் கவிழ்த்து வைத்தேன். மிச்சம் நாலு தாளில் ஸ்கோப்பன் பத்தும் வந்தது. இனி யார் என்ன செய்தாலும் என்னை வெல்ல ஏலாது. எழும்பி நின்று ஆடவா, இருந்து ஆடவா என்பது மட்டும்தான் யோசனை.

எட்டுத் தாளும் வந்த பிறகு இன்னொரு சுற்று இருக்கிறது. பெரிய கேள்வி கேட்க விருப்பமானவர்கள் கேட்கலாம். யாரும் கேட்பதில்லை. நடுவர் பெயருக்கு ஒவ்வொருவராகப் பார்த்தார். டொக்டர் தலையை ஆட்டினார். மனேஜர் தலையை ஆட்டினார்.

"தனிய" என்றா சம்மந்தி அம்மா.

எனக்குக் காதில் விழுந்தது, மூளைக்குப் போகவில்லை. தனிய என்றால் முன்னூற்றி நாலில் அதற்கு மேல் கேள்வி கிடையாது. கூட்டாளி தன் எட்டுத் தாளையும் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா இருக்கவேண்டும். கேட்டவர் தன் விருப்பத்துக்குப் புதிதாகத் துரும்பு வைத்து, ஒற்றை ஆளாக எட்டுப் பிடியையும் பிடிக்கவேண்டும். ஒரு பிடி தவறினாலும் தோல்வி.

"மச்சாள்! நான்தானே கேட்டிரிக்கன்? என்ட கையில என்ன இரிக்கெண்டு தெரியுமா?"

"ஐயா, பறையக் கூடாது" என்றார் நடுவர். "உங்கட தாளைக் கவுத்து வையுங்க."

வைத்தேன். வாழ்க்கையில் எனக்கு வந்த ஆக நல்ல கை, கிளப்பின் மேசையில் முகம் குப்புறக் கிடந்தது. சுற்றிவர ஆட்கள் நின்றார்கள். ஐஸ்காரன் சும்மா இருக்கிறான் என்று பார்த்தார்கள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கக்கத்துக்குள் வைத்தேன். அப்போதுதான் சிரட்டைகள் கண்ணில் பட்டன. எங்கள் சிரட்டையில் மூன்று கொட்டை குறைவு. என் கேள்வி வென்றிருந்தால் ஒரு கொட்டைதான் வந்திருக்கும். தனியப் போய் வென்றால் நாலு. நான் என் தாளைப் பார்த்து மயங்கிக் கிடந்த நேரத்தில் அவ சிரட்டையைப் பார்த்திருக்கிறா.

முதல் இறக்கம் அவவுடையது. துரும்பை மறைக்கவில்லை. "ஆட்டின்" என்று சொல்லியே தொடங்கினா. மடியிலிருந்து ஆட்டின் ஜாக் வந்தது. பிறகு ஆட்டின் ஒன்பது. அந்த இரண்டிலேயே எதிர்க்கட்சியின் துரும்பெல்லாம் கழன்றுவிட்டது. டயமன் ஜாக். கிளாவர் ஜாக். மூன்று ஜாக்கையும் மடியில் வைத்துக்கொண்டுதான் இந்த மனிசி பாஸ் என்று சொல்லியிருக்கிறா! கிளாவர் ஒன்பது. ஆட்டின் ஆஸ். ஆறு பிடி. இடையில் மனேஜர் ஸ்கோப்பன் எட்டைக் குப்பையாகக் கழித்தார். நான் மூச்சுவிடத் தொடங்கினேன்.

ஏழாவதாக ஆட்டின் பத்தைப் போட்டா. அதுவும் பிடிதான், மிச்சம் துரும்பு யாரிடமும் இல்லை. டொக்டரிடம் இரண்டு தாள் இருந்தது. ஒன்றைக் கழிக்கவேண்டும், ஒன்றைக் கடைசிப் பிடிக்கு வைத்திருக்கவேண்டும். அவர் யோசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் யோசித்தார். சம்மந்தி அம்மா பாக்கு வெட்டினா. டொக்டர் ஒரு தாளை மெதுவாகக் கழித்தார். ஸ்கோப்பன் ராணி.

சம்மந்தி அம்மா மடியில் இருந்த கடைசித் தாளை எடுத்து வைத்தா.

ஸ்கோப்பன் ஏழு.

முழு ஆட்டத்திலும் ஆகக் குப்பையான தாள்! மனேஜரிடம் இருந்தது டயமன், டொக்டரிடம் இருந்தது கிளாவர் ஆஸ். இரண்டும் ஸ்கோப்பன் ஏழை அடிக்க ஏலாது. அடிக்கக்கூடிய ராணி அந்த நிமிசம்தான் மேசையில் செத்து விழுந்திருந்தா. மற்ற ஸ்கோப்பன் எல்லாம் எங்கே? ஜாக், ஒன்பது, ஆஸ், பத்து, ராசா, ஐந்தும் எனக்கு முன்னால் முகம் குப்புறக் கிடந்தன.

டொக்டர் நல்ல மனிசன். எழும்பிக் கைகொடுத்தார். "அம்மா, ஏழை வச்சுக்கொண்டா தனியப் போனீங்க?" என்று கேட்டார்.

"வேற தாள் இல்லயே டொக்டர்" என்றா.

கோப்பையை என்னிடம் தந்தார்கள். அவவிடம் நீட்டினேன், பாரம் என்று வாங்கவில்லை. நான் தூக்கிக்கொண்டு முன்வாசல் படியால் இறங்கினேன். கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். வாழ்க்கையில் நான் ஒரு தாளும் போடாமல் வென்ற ஒரே ஆட்டம் அது. ஆனால் கோப்பை கோப்பைதானே.

வான் வண்டியில் ஏறி, வாவியைக் கடக்கும்வரை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"மச்சாள், உண்மையைச் சொல்லுங்க. என்ட கையில ஸ்கோப்பன் எண்டு எப்பிடித் தெரியும்? நான் இருமக்கூட இல்லயே."

"மூண்டு ஜாக் என்ட மடியில. நீங்க அந்தக் கத்துக் கத்தினீங்க. ஜாக் இல்லாம நீங்க கத்தமாட்டீங்க. மிச்சமா இருந்தது ஸ்கோப்பன் ஜாக் மட்டும்தானே? கதிரையும் முன்னுக்குப் போச்சு. அப்ப அந்த இனத்தில நாலு தாளாவது உங்களிட்ட. நீங்க கவுத்து வச்சா அந்த நாலும் செத்திரும். மிச்சம் எத்தின வெளிய கிடக்கும்?"

"சரி. அந்த ராணியை அந்த மனிசன் கழிக்காம வச்சிருந்தா?"

"தோத்திருப்பம்." வெற்றிலையை வாய்க்குள் ஒதுக்கினா. "ஆனா அவர் படிச்ச ஆள் மச்சான். ஆஸ் எண்டா எந்தக் கிளாவர் வந்தாலும் அடிக்கும், ராணி அடிக்கிறது ஏழை மட்டும், ஏழோட ஒருத்தி தனிய வருவாளா எண்டு சரியா யோசிச்சார். அந்த இடத்தில நீங்க எண்டா ராணியை விட்டிருக்கமாட்டீங்க."

"ஏன்?"

"ராணி எண்டு ஒண்டு கையில இருந்தா அதை நாலு பேருக்குக் காட்டாம உங்களால இருக்க ஏலாதே."

மருமகன்தான் வானை ஓட்டினார். அவருடைய தோள் குலுங்கியது பின்னால் இருந்த எனக்கும் தெரிந்தது. நான் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தேன்.

"கோவமா மச்சான்?" என்றா.

"கோவமில்ல. ஊரெல்லாம் என்னைப் பெருமைக்காரன் எண்டு சொல்லுது. நீங்களுமா?"

"பெருமைக்காரன்தான். அதில என்ன பொய்?" பாக்கு வெட்டியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தா. "ஆனா கேளுங்க. இத்தின வருசத்தில, தாள் இல்லாம நீங்க ஒரு கேள்வி கேட்டு நான் காணல்ல. பெரிசாச் சொல்லுவீங்க, ஆனா இரிக்கிறதைத்தான் சொல்லுவீங்க. கலியாணத்தில சொன்னதும் அப்பிடித்தான், ஒரு தூண் குறையாமக் கட்டினீங்க. உங்கட வாயை நம்பித்தான் ஏழோட தனியப் போனன். அடக்கமா இருக்கிற ஆரும் கூட்டாளியா இருந்திருந்தா, பாஸ் எண்டிருப்பன்."

அது பாராட்டா, இல்லையா என்று வீட்டுக்கு வந்து மனிசியிடம் கேட்டேன். அவ கோப்பையை வாங்கி, உள்ளே தூசி இருக்கிறது என்று முந்தானையால் துடைத்துவிட்டு, "அந்த மனிசி வாயைத் திறந்து உங்களைப் பற்றி ஒண்டு சொல்லியிருக்கா, அதையும் பாராட்டோ எண்டு கேக்கிறீங்க" என்றா. நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அதை இதுவரை நான் யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. இதுதான் முதல் தடவை.